நெல்லுக்கு மெஷின் வைத்தோம், சரக்குக்கு?

டிஸ்கி: இது குடியை ஆதரிக்கும் கட்டுரை அல்ல. மதுவிலக்கை எதிர்க்கும் கட்டுரையும் அல்ல. உள்குத்து எதுவும் இல்லை. முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

குறுவையோ சம்பாவோ, அறுப்பு முடிந்ததும் நம் பக்கத்து விவசாயி நெல்லை எங்கே கொண்டு போகிறார்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. அங்கே முதல் வேலை என்ன? ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் போடுவது. 17 சதவீதத்துக்கு மேல் போனால் தகராறுதான். மழை பெய்த வருஷமெல்லாம் "22 வரைக்கும் தளர்த்துங்கள்" என்று மனு, மறியல், டெல்லியிலிருந்து குழு. பால் சொசைட்டிக்குப் போனால் அங்கேயும் ஒரு கருவி பாலுக்குள் மிதந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறது. மண்ணைப் பரிசோதிக்கிறோம், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிறோம். ஒரு மனுஷன் தொண்டைக்குள் ஊற்றி, 24 மணி நேரத்துக்குள் கண்ணையும் உயிரையும் எடுக்கக்கூடிய ஒன்றை மட்டும், அவன் செத்த பிறகு உடற்கூறாய்வில்தான் பரிசோதிக்கிறோம்.

இதைத்தான் மாற்ற முடியுமா என்று கேட்கிறேன்.

வெளிநாடுகளில் பாட்டுத் திருவிழா, டான்ஸ் கிளப் மாதிரியான இடங்களில் 'போதைப்பொருள் பரிசோதனை' என்று ஒரு சேவை நடக்கிறது. கையில் வைத்திருக்கும் மாத்திரையிலோ பொடியிலோ கொஞ்சம் கொடுத்தால், அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். பெயர் கேட்பதில்லை, போலீஸ் வருவதில்லை. "தஞ்சாவூரில் ஏதுடா பப்பு, கிளப்பு?" என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நம்முடைய 'நைட் லைஃப்' வேறு. கோயில் திருவிழாவில் சாமி புறப்பாடு, கரகாட்டம், பாட்டுக் கச்சேரி, விடிய விடிய கபடி, கிடாவெட்டு, பொங்கல் விளையாட்டு. எல்லாவற்றிலும் மேடைக்குப் பின்னால், வாய்க்கால் கரையில், கருவேலங்காட்டு இருட்டில் ஒரு கூட்டம் நிற்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். பேச்சு வருவது சாவு விழுந்த பிறகுதான்.

நடந்தது என்ன?

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதே மே மாதம் 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் தஞ்சாவூர் கீழ அலங்கத்தில், மீன் மார்க்கெட் எதிரே டாஸ்மாக்கை ஒட்டிய பாரில், கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே வாங்கிக் குடித்த இரண்டு பேர் இறந்தார்கள். அதில் சயனைடு இருந்ததாகப் பரிசோதனையில் தெரியவந்தது. பதின்மூன்று மாதம் கழித்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அறுபது பேருக்கும் மேல். அதில் பெண்களும் உண்டு. அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தனியாக உதவித்தொகை அறிவிக்க வேண்டிய நிலை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் என் மனசை விட்டுப் போகாத விஷயம் ஒன்று உண்டு. முதல் சாவுகள் விழுந்தபோது அது சாராயத்தால் என்று மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. அதாவது, இறந்தவனைக் கொன்றதே அவனுக்காக அழ வந்தவனுக்கும் ஊற்றப்பட்டது. அந்த முதல் நாளில் ஒரே ஒரு பாக்கெட்டைப் பரிசோதித்து, "யாரும் தொடாதீர்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தால்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை முழுக்க.

மெத்தனால் என்றால் என்ன?

நான் காமர்ஸ் பார்ட்டி, கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு போச்சு. ஆனாலும் இது புரிகிற அளவுக்கு எளிமையானதுதான்.

நாம் மது என்பது எத்தனால். பெயின்ட், தின்னர், பிசின் தொழிலில் பயன்படுவது மெத்தனால். அதுவும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். குடித்தவனுக்கு முதலில் போதையும் வரும். விஷயம் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தை அமிலமாக்கும். இதற்குப் பல சமயம் 12 முதல் 24 மணி நேரம் வரை பிடிக்கும். அதனால்தான் "நேத்து நைட்டு நல்லாத்தானே இருந்தான்" என்ற வாக்கியம் எல்லா சாராயச் சாவுகளிலும் கேட்கிறது.

"பத்த வைச்சுப் பாரு, நீலமா எரிஞ்சா நல்ல சரக்கு" என்று ஊரில் ஒரு விஞ்ஞானம் ஓடுகிறது. சுத்த ஜல்லி. இரண்டுமே எரியும், இரண்டுமே நீலமாகத்தான் எரியும். விரலை விட்டுப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, "முதல்ல அவன் குடிக்கட்டும்" என்று காத்திருப்பது, எதுவும் வேலைக்கு ஆகாது. 12 மணி நேரம் கழித்து வரும் விஷத்தை 10 நிமிஷம் காத்திருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆனால் ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் விட்டு மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, குரோமோட்ரோப்பிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா நிறம் வரும். பழைய முறை, மது ஆய்வகங்களுக்குப் பழக்கமான முறை. துல்லியமாக எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வாயு நிறப்பகுப்பு மெஷின் வேண்டும். அதற்கு தஞ்சாவூரிலேயே அரசின் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. ஆக, விஞ்ஞானம் இருக்கிறது. வாசல்தான் இல்லை. இன்றைக்கு அந்த மேஜைக்கு ஒரு சொட்டு சாராயம் போக வேண்டுமானால், ஒன்று அது போலீஸ் பறிமுதலாக இருக்க வேண்டும், இல்லை ஒருவர் செத்திருக்க வேண்டும்.

இது சந்தைத் தோல்வி, மக்களே

நம் பாடத்துக்கு வருவோம். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், பின்னால் நோபல் பரிசும் வாங்கினார். வாங்குபவனால் நல்ல சரக்கையும் ஓட்டை சரக்கையும் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், நல்ல சரக்கு விற்பவன் சந்தையை விட்டே போய்விடுவான், மட்டமானது மட்டும் மிஞ்சும் என்பது சாராம்சம்.

சாராயச் சந்தையை இதில் பொருத்திப் பாருங்கள். வழக்கமான கடையில் பிராண்ட் உண்டு, பில் உண்டு, நுகர்வோர் கோர்ட் உண்டு. பாக்கெட் சாராயத்தில் இவை எதுவும் கிடையாது. எத்தனாலுக்கு வரி, காவல், கணக்கு எல்லாம் இருக்கிறது, மெத்தனால் மலிவு. கலப்பவனுக்கு லாபம் உடனே, நஷ்டம் வேறொருவன் வீட்டில். கடைசியில் கொண்டுவந்து விற்கிறவருக்கே பல நேரம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கேன் கை மாறி கை மாறி வருகிறது, ஒவ்வொரு கையும் கொஞ்சம் 'சேர்க்கிறது'.

"டாஸ்மாக்தான் தெருவுக்குத் தெரு இருக்கே, அங்கே வாங்க வேண்டியதுதானே?" என்பவர்களுக்கு: அங்கே குவார்ட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கும் குறைவாக பாக்கெட் கிடைக்கிறது. கூலிக்காரனின் கணக்கு நம் கணக்கு அல்ல. அதோடு கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும், வருஷத்தில் சில நாள் லீவு. அந்த நேரங்களில் தேவை லீவு எடுத்துக்கொள்வதில்லை. கீழ அலங்கத்தில் நடந்ததும் கடை திறக்காத நேரத்தில்தான்.

"முழு மதுவிலக்கு கொண்டுவந்தால் தீர்ந்தது" என்பவர்களுக்கு: அதற்காகவே போராடி 2015-இல் உயிரை விட்ட சசிபெருமாள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 2022 ஜூலையில் பொட்டாட் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மதுவிலக்கு உள்ள பீகாரில், சாரண் மாவட்டத்தில் அதே வருஷம் டிசம்பரில் எழுபதுக்கும் மேல். கடை இருந்தாலும் சாகிறான், இல்லாவிட்டாலும் சாகிறான். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய சண்டை, அதைத் தனியாகப் போடுவோம். அந்தச் சண்டை முடியும்வரை சாகிறவனை என்ன செய்வது?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

நெதர்லாந்தில் 1992-லிருந்து அரசு ஆதரவோடு இந்தச் சேவை நடக்கிறது. 2014 டிசம்பரில் அங்கே ஒருவர் கொடுத்த இளஞ்சிவப்பு மாத்திரையில், மேலே சூப்பர்மேன் சின்னம், உள்ளே பிஎம்எம்ஏ என்ற ஆபத்தான வேறொரு பொருள் இருந்தது. உடனே டிவி உட்பட எல்லா இடத்திலும் எச்சரிக்கை போனது. கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் அப்போது இப்படி ஒரு சேவை இல்லை. அந்தப் புத்தாண்டை ஒட்டிய சில நாட்களில் அங்கே நான்கு பேர் அதே மாதிரி மாத்திரையால் இறந்தார்கள்.

பிறகு 2016-இல் இங்கிலாந்திலும் 'தி லூப்' என்ற அமைப்பு ஒரு இசை விழாவில் கூடாரம் போட்டுப் பரிசோதித்தது. வந்தவர்களில் ஐந்தில் ஒருவர், முடிவைக் கேட்டதும் மிச்சத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார். நியூசிலாந்து 2021-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022-இல் நிரந்தர மையமே திறந்தார்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்" என்று ஆரம்பிக்காதீர்கள். நாம் இதைவிடக் கஷ்டமானதைச் செய்திருக்கிறோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். அதன் பிறகு ஆணுறை என்ற வார்த்தையைப் பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதினோம். 2003-இல் புள்ளிராஜா விளம்பரம் வந்தபோது எவ்வளவு கூச்சல்! கலாச்சாரம் ஒன்றும் மூழ்கவில்லை. போதை ஊசி போடுகிறவர்களுக்கு எச்.ஐ.வி. பரவாமல் இருக்க சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் நம் அரசுத் திட்டம்தான். ஊசி கொடுத்தது போதையை ஆதரித்தா? இல்லை, உயிர் முதலில், உபதேசம் அப்புறம் என்று முடிவெடுத்ததால்.

சரி, எப்படி அமைப்பது?

என் சிற்றறிவுக்கு எட்டியவரை:

1. சுகாதாரத் துறை நடத்த வேண்டும், போலீஸ் அல்ல. பெரிய திருவிழா என்றால் ஏற்கெனவே மருத்துவ முகாம் போடுகிறார்கள். அதிலேயே பின்பக்கம் ஒரு மேஜை. பயிற்சி பெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர். அடர் கந்தக அமிலத்தைக் கையாள வேண்டியிருப்பதால், ஆளாளுக்கு வீட்டில் செய்யும் வேலை அல்ல இது.

2. பெயர் கேட்கக் கூடாது. ரேஷன் கடை மாதிரி ஆதார், கைரேகை என்று ஆரம்பித்தால் ஒரு ஈ காக்கா வராது. ஒரு டோக்கன் போதும். கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால், அந்தச் சாம்பிள் அங்கேயே அழிக்கப்படும். திரும்பக் கொடுக்கக் கூடாது.

3. "நல்ல சரக்கு" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. இதுதான் முக்கியம். ஆடிட்டிங் வகுப்பில் படித்தோமே, 1896-ஆம் வருஷத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு? ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டதாலேயே கம்பெனியில் மோசடி இல்லை என்று அர்த்தமாகாது, அவர் பார்த்த வரையில் இல்லை, அவ்வளவுதான். இங்கும் அப்படியே. மெத்தனாலைத் தேடும் சோதனை சயனைடைச் சொல்லாது. கீழ அலங்கத்தில் இந்த மேஜை இருந்திருந்தால்கூட 'மெத்தனால் இல்லை' என்றுதான் சொல்லியிருக்கும். ஒரு பாக்கெட்டில் இல்லாதது அடுத்த கேனில் இருக்கலாம். ஆகவே பதில் இரண்டுதான்: "விஷம் இருக்கிறது, தொடாதே" அல்லது "நாங்கள் தேடிய விஷம் இதில் தெரியவில்லை, ஆனாலும் உத்தரவாதம் இல்லை".

4. எழுத்தில் எதுவும் தரக் கூடாது. தந்தால் அடுத்த நாளே "கவர்மென்ட் டெஸ்ட் பண்ணின சரக்கு" என்று போர்டு வைப்பார்கள். நம் ஆட்களின் மார்க்கெட்டிங் திறமையைக் குறைத்து எடை போடாதீர்கள் :-)

5. ஒரு சாம்பிள் ஊதாவாக மாறினால் பத்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிய வேண்டும். இதற்கு செயலி எல்லாம் வேண்டாம். திருவிழா மைக் செட்டே போதும். கச்சேரியை நிறுத்திவிட்டு அறிவிக்கலாம். பக்கத்து ஊர்களுக்கு ஆட்டோ, வாட்ஸ்அப் குரூப். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கும் 108-க்கும் தகவல். ஒருவன் கொடுத்த சாம்பிள் குடிக்கப்போகும் நூறு பேரைக் காப்பாற்றுவது இப்படித்தான். மேஜைக்கு வராதவனுக்கும் பலன் உண்டு.

6. குடித்துவிட்டவனுக்கு வழி. கண்ணில் பனிமூட்டம் மாதிரி தெரிந்தால், வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்கல் இருந்தால், தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்கக் கூடாது. மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. நேரம்தான் எல்லாம். "கேஸ் ஆகிவிடுமோ" என்ற பயத்தில் வீட்டுக்குள் படுத்தவர்கள்தான் கண்ணை இழக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவன் மேல் குடித்ததற்காக வழக்கு இல்லை என்று அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சட்டம் விடுமா?

இப்போதைக்கு விடாது. 1937-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி கள்ளச்சாராயத்தை வைத்திருப்பதே குற்றம். மாத்திரை, பொடி என்றால் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். வெறுமனே உட்கொண்டதற்கே 27-ஆம் பிரிவில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ சிறை. சாம்பிளை வாங்கிய டெக்னீஷியனும் 'வைத்திருந்தவர்' ஆகிவிடுவார். ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு. அதாவது, 'தானாக வருகிறவனை ஜெயிலுக்கு அனுப்பாதே' என்ற கொள்கை நம் சட்டத்துக்கு அந்நியம் அல்ல. அதைப் பரிசோதனை மேஜைக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். மாத்திரைக்கு டெல்லி மனசு வைக்க வேண்டும். சாராயத்துக்கு மாநில அரசே போதும். 2024-இல் கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, உயிர்ப்பலி வாங்கும் சாராயம் விற்றால் ஆயுள் தண்டனை வரை என்று பத்தே நாளில் திருத்தம் கொண்டுவந்தார்களே. விற்றவனைத் தண்டிக்க இருந்த வேகம் குடித்தவனைக் காப்பாற்றுவதிலும் இருக்கட்டுமே.

காசு?

கள்ளக்குறிச்சியில் இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் அறிவித்தார்கள். அறுபது பேர் என்று வைத்தாலே 6 கோடி. 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுத்தால்கூட 48 கோடி. டெல்டா மாவட்டங்களின் திருவிழாக்களுக்கு மேஜை, டெக்னீஷியன், ஒரு ஆட்டோ, ஒரு மைக் போட இது போதாதா? செத்த பிறகு கொடுப்பதற்கு பட்ஜெட்டில் எப்போதும் இடம் இருக்கிறது. சாவதற்கு முன்னால் செலவழிக்கத்தான் தலைப்பு இல்லை.

கடைசி ஆட்சேபம்

"டெஸ்ட் வைத்தால் தைரியமாகக் குடிப்பான்." வகுப்பில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது, மாரல் ஹசார்டு. 1975-இல் பெல்ட்ஸ்மேன் என்ற பொருளாதார அறிஞர் சீட் பெல்ட் போட்டவன் வேகமாக ஓட்டுவான் என்றே வாதாடினார். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனாலும் உலகம் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. தவிர, கருவேலங்காட்டில் குடிப்பவனிடம் இன்றைக்கு யாரும் பேசுவதில்லை. திட்டுகிறோம், இல்லை பார்க்காத மாதிரி போகிறோம். அந்த மேஜைக்கு அவன் வந்தால், பத்து நிமிஷம் நிதானமாக ஒரு செவிலியரோடு உட்காருவான். "எத்தனை வருஷமாகக் குடிக்கிறீங்க அண்ணே? நிறுத்தணும்னு தோணியிருக்கா?" என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கேட்கலாம். குடியை நிறுத்த நினைப்பவர்கள்தான் இந்த மேஜையை முதலில் கேட்க வேண்டும்.

நெல் ஈரமாக இருந்தால் காய வைத்துத் திரும்பக் கொண்டு வரலாம். அதற்கே மெஷின் வைத்திருக்கிறோம். கண்ணைக் காய வைத்துத் திரும்பக் கொண்டு வர முடியாது. உங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் யாராவது தெரிந்தவர் இருந்தால், இந்த வருஷம் மருத்துவ முகாமில் ஒரு மேஜை கூடுதலாகக் கேட்டு மனு எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு உதவி வேண்டுமானால் நான் ரெடி.